உடைத்துப் பார்க்கும் வேலை

முதல் அடி சித்தியின் வலது கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில் விழுந்தது. அப்போது அந்தக் கை கோட்டுப் பைக்குள் பாதி போயிருந்தது. பைக்குள் கத்தியோ துப்பாக்கியோ இல்லை. நான்காக மடித்த ஒரு கடிதம் இருந்தது. தடி அந்தக் கடிதத்தோடு சேர்த்து மூன்று விரல்களை உடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி, நல்ல வெயில். சித்திக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பொறுப்பில் விடப்பட்ட முதல் கட்டடம் அது.

நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் ஒரு பையோடு நான் சித்தி வீட்டில் வந்து இறங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. என் அம்மாவுக்கு அவள் ஒரே தங்கை. எங்கள் வீட்டில் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். எதையும் நோண்டாமல் விடமாட்டாள். அவள் வேலை மாறிய கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். ஒவ்வொரு முறையும் எங்கேயாவது எதுவாவது உடைந்திருக்கும். அது பெரும்பாலும் ஒரு மனிதனாக இருக்கும்.

பத்தொன்பது வயதில் டேட்டா என்ட்ரி. ஜன்னல் இல்லாத கூடம், நாற்பது பெண்கள், நாற்பது கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரி நோயாளிகளின் அட்டைகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். மேற்பார்வையாளன் எப்போதும் உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்ததால் அவனுக்குப் பல்லி என்று பெயர். கையில் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பான். ஒரு தப்புக்கு ஒரு அடி. ஸ்கேலின் தட்டையான பக்கத்தால் இல்லை, விளிம்பால். எட்டாவது மாதம் பக்கத்து நாற்காலிப் பெண்ணின் விரலிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. சித்தி எழுந்தாள், ஸ்கேலைப் பிடுங்கினாள், அவன் காதோரம் ஒரு இழுப்பு இழுத்தாள். காது பாதி தொங்கிவிட்டது என்பாள் அம்மா. சித்தியைக் கேட்டால், "பாதியெல்லாம் இல்ல. கால்வாசிதான்" என்பாள்.

பிறகு மாலை வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடங்களுக்கு டைம்டேபிள் போட்டுத் தரும் மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். எட்டு வருஷம் ஓடியது. ஒருநாள் ஒரு தலைமையாசிரியை போன் செய்து, ஒரே அறையில் இரண்டு வகுப்பு விழுகிறதே, இது உங்கள் தப்பா எங்கள் தப்பா என்று கேட்டிருக்கிறார். "எங்க தப்புதான் மேடம்" என்று சித்தி சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி மேஜை மேலிருந்த மானிட்டரைத் தூக்கி அவள் காலடியில் போட்டான். அந்தக் காலத்து மானிட்டர், பின்பக்கம் பானை மாதிரி இருக்கும். வெடித்த கண்ணாடி அவள் கெண்டைக்காலில் ஏறியது. அதில் ஒரு சில்லு இன்னும் உள்ளே இருக்கிறது. தொட்டால் நகரும்.

அதற்குப் பிறகு டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்த்து, எந்த வரிசையில் எதை அழுத்தினால் உடைகிறது என்று அச்சுப்பிசகாமல் எழுதிக் கொடுக்கும் வேலை. அவளுக்கென்றே செய்த வேலை அது. பதினாறு வருஷம் இருந்தாள். ஒருமுறை அவள் நிறுத்திவைத்த மென்பொருளை எழுதிய பையன் லிஃப்டுக்குள் அவள் கழுத்தைப் பிடித்தான். நான்காவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை பிடித்த பிடியை விடவில்லை. புகாரில் சித்தி "பதினோரு விநாடி" என்று எழுதினாள். லிஃப்ட் கேமராவில் பார்த்தார்கள். பதினோரு விநாடிதான்.

கடைசி இரண்டு வருஷம், மென்பொருளைத் தானாகவே பரிசோதிக்கும் புரோகிராம்களை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அவை நன்றாக ஓட ஆரம்பித்ததும் அறுபது பேரை ஒரு ஹாலுக்குக் கூப்பிட்டு, இனி நீங்கள் தேவையில்லை என்றார்கள். மீசைக்காரர் ஒருவர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக் கண்ணாடிச் சுவரை உடைத்தார். நாலு காவலாளிகள் அவர்மேல் விழுந்தார்கள். முதுகில் முட்டி வைத்து அழுத்தியதில் விலா உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. தன் சாமான் பெட்டியோடு சித்தி அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

"அன்னைக்குத்தான்டீ அந்த வாசல்காரங்க மூஞ்சிய மொதல்ல பாத்தேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "பதினாறு வருஷம் கார்டக் காட்டிட்டு உள்ள போயிருக்கேன். அதுல ஒருத்தன் எனக்கு தினம் குட்மார்னிங் சொல்றவனாம். நான் யாருன்னே பாத்ததில்ல. உள்ள இருக்கற கம்ப்யூட்டர எவ்வளவு பூட்டினாலும், வாசல்ல ஒரு மனுஷன் இருக்கான் இல்ல? அவன யாரு டெஸ்ட் பண்ணுவாங்க?"

பதினாலு மாதம் வேலையில்லை. அந்தப் பதினாலு மாதத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டாள். சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், நாள் முழுக்க அடுத்தவர் பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறவர், அதனால் எதற்கும் பதறமாட்டார். "வீட்டுல ஒரு பூட்டு மிச்சமில்ல" என்றார் என்னிடம். "திருடன் வந்தான்னா அவனே மனசு கேக்காம ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்துட்டுப் போவான்."

அதற்குப் பிறகு சேர்ந்த இந்த நிறுவனத்தில் மொத்தம் ஐந்து பேர். முதலாளிக்கு முப்பத்தோரு வயது. ஒரு கம்பெனி தன் கட்டடத்துக்குள் திருடன் நுழைய முடியுமா என்று தெரிந்துகொள்ள இவர்களைக் கூலிக்குப் பிடிக்கும். இவர்கள் திருடன் மாதிரியே நுழைந்து பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். கம்பெனியில் ஒரே ஒரு அதிகாரிக்குத்தான் விஷயம் தெரியும். சித்தி சேர்ந்த அன்று சித்தப்பாவிடம் சொன்னாள்: "இதுதாங்க கடைசி. இன்னொரு தடவ முதல்லேருந்து ஆரம்பிக்க என் உடம்புல தெம்பில்ல. இதுவும் போச்சுன்னா நான் வீட்டோட கெடக்க வேண்டியதுதான்."

அவர்கள் வேலைமுறையில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் இரண்டு கடிதங்களோடு போக வேண்டும். இடது பையில் பொய்க் கடிதம். 'இவரை உள்ளே விடவும், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசவும்' என்று எழுதியிருக்கும். அந்த எண்ணில் பக்கத்துத் தெருவில் வேனில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி மேனேஜர் குரலில் பேசுவான். காவலாளி அதை நம்பினால் காவலாளி தோற்றான். நம்பாமல் பிடித்துவிட்டால், வலது பையிலிருக்கும் உண்மைக் கடிதத்தைக் காட்ட வேண்டும். அதில் விஷயம் தெரிந்த அதிகாரியின் கையெழுத்தும் எண்ணும் இருக்கும். முதலாளி கண்டுபிடித்த முறை இது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அன்றைக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வர் கட்டடம். ஊருக்கு ஓரம், ஒரே வாசல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே காவலாளி. சித்தி ஏசி மெக்கானிக் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு அடி நீள இரும்பு டார்ச்சோடு போனாள். வேனில் நெட்டை. அவனும் சித்தியின் கம்பெனி ஆள்தான், ஆறடி மூன்றங்குலம்.

காவலாளிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

"யாரும்மா?"

"ஏசி சர்வீஸ் அண்ணே. சர்வர் ரூம்ல சூடு ஏறுதுன்னு கம்ப்ளெயின்ட். லெட்டர் இருக்கு."

அவர் கடிதத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"அதுல ஒரு நம்பர் இருக்கு பாருங்க. மேனேஜர்தான். பேசிக்கோங்க."

"அந்த நம்பர் எனக்கு எதுக்கு? நீ கொடுத்த பேப்பர்ல நீ கொடுத்த நம்பர். எங்கிட்ட எங்க நம்பர் இருக்கும்மா." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தன் மேற்பார்வையாளருக்குப் பேசினார். அப்படி யாரையும் அனுப்பவில்லை என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டுத் தடியை எடுத்தார்.

இந்த ஐந்து மாதத்தில் சித்தி ஒன்பது வாசல்களில் கூட நின்று பார்த்திருக்கிறாள். ஒன்பது பேரும் கடிதத்திலிருந்த எண்ணுக்குத்தான் பேசினார்கள். இவர் ஒருவர்தான் பேசவில்லை. "எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்டீ" என்றாள் பிறகு. "பாஸாயிட்டாரு, பாஸாயிட்டாருன்னு மனசுக்குள்ள கத்தினேன்." அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "இது சோதனை, வலது பையில கடிதம் இருக்கு, நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தானே பைக்குள் கையை விட்டாள்.

காவலாளிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பொய்க் கடிதத்தோடு வந்தவள் மாட்டிக்கொண்ட பிறகும் சிரிக்கிறாள், பைக்குள் கையை விடுகிறாள். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நிறுவனத்தின் இன்னொரு வாசலில் ரிப்பேர் வேலை என்று ஒரு காகிதத்தோடு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். வாசலில் நின்றவர் இவருடைய மச்சான். ஸ்பானரால் அடித்தார்கள், மச்சானுக்கு ஒரு கண் போய்விட்டது. சித்திக்கு அது தெரியாது.

தடி விழுந்தது. விரல்கள் உடைந்தன. சித்தியின் இடது கையில் டார்ச் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. அவர் வாயில் குத்தினாள். இரண்டு பற்கள் உதிர்ந்தன. அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு இரண்டாவது அடியை அடித்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து சித்தி குப்புற விழுந்தாள்.

"லெட்டர்! நெஜ லெட்டர் இருக்குண்ணே! அதப் பாருங்க!"

"இன்னும் எத்தன லெட்டர்டீ வச்சிருக்க?"

மறுபடியும் அடித்தார். மறுபடியும். ஆறாவது அடிக்குப் பிறகு சித்திக்கு நினைவில்லை. நெட்டை ஓடி வந்தபோது தடிபட்டு அவன் நெற்றியும் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதில், வாசல் கம்பத்தைக் காவலாளி என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சண்டை போட்டிருக்கிறான்.

போலீஸ் வந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி குழந்தைகளோடு நீச்சல் குளத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அவர் ஈரத் தலையோடு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை சித்தியை போலீஸ் வேனில் கம்பியோடு விலங்கிட்டு வைத்திருந்தார்கள். விலங்கு மாட்டியது உடைந்த கையில்.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குள் கம்பி வைத்தார்கள். விலாவில் இரண்டு முறிவு, தோளில் ஒன்று. சித்தப்பா கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு கீழே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் டிக்கியைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி ஓடி அவரைப் பிடித்து மேலே இழுத்து வந்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் சித்தி.

"பிரேக்கு பிடிக்காத ஒருத்தனப் பாக்கப் போறேன்."

"ஒக்காருங்க. போய் அவன அடிச்சீங்கன்னா உங்களயும் ரிப்போர்ட்ல சேக்கணும். ஏற்கெனவே பன்னெண்டு பக்கம் வருது."

அவர் உட்கார்ந்தார். கம்பியைக் கட்டிலுக்கடியில் வைத்தார். அவர் போன பிறகு சித்தி கூரையைப் பார்த்தபடி, "அவன் செத்துட்டா நல்லா இருக்கும்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி பழப்பையோடு வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ரிப்போர்ட்ல அந்த முதல் லெட்டரப் பத்தி எழுத வேண்டாம். நம்ம ஆள் உண்மையான லெட்டர எடுத்தாங்க, அவர் அடிச்சாரு. அவ்ளோதான்."

"அவரு மொத லெட்டர கரெக்டா கண்டுபிடிச்சாரு சார். அதனாலதான் ரெண்டாவத நம்பல. நான் பொய் சொன்னதுக்கப்புறம் என் நெஜத்த எதுக்கு நம்பணும்?"

"அதை எழுதினா என்ன ஆகும்? நம்ம முறையே தப்புன்னு ஆகும். அவங்க கொடுத்த பன்னெண்டு கட்டட கான்ட்ராக்டும் போச்சு. நாளைக்கு உங்கள நான் எந்த வாசலுக்கு அனுப்பறது? அந்த ஆளு எப்படியும் உள்ளதான் போகப்போறான். மூணு விரல ஒடச்சிருக்கான் மேடம். நீங்க யாருக்காகப் பாக்கறீங்க?"

"யாருக்காகவும் பாக்கல. அவன் மேல எனக்கு உங்களவிட ஆத்திரம்."

"அப்ப நான் சொன்ன மாதிரி எழுதுங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங். நீங்க கையெழுத்துப் போட்டாதான் செல்லும்."

அவர் போனதும் சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு வேலைன்னா எதுடீ? கேக்கறேன். அம்பது வயசுல, ஒரு கையோட?" இத்தனை ஊர் சுற்றியதில் எனக்கே ஒரு வேலையும் தெரியாது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். அவள் சொல்ல, நான் லேப்டாப்பில் அடிக்க. ஒரு பக்கம்கூட நகரவில்லை.

"இப்படிச் சரிப்படாது" என்றாள். "ஒரு தப்பு எப்படி நடந்ததுன்னு தெரியணும்னா மறுபடி நடத்திப் பாக்கணும். அந்தப் பேப்பரச் சுருட்டு. நீதான் அவன்."

"சித்தி, வேண்டாம்."

"சுருட்டுடீ."

செய்தித்தாளைச் சுருட்டினேன். சாப்பாட்டு மேஜைதான் வாசல். அவள் கட்டுப் போட்ட கையைப் பைக்குக் கொண்டுபோனாள். நான் லேசாகத் தட்டினேன். "எழுது. ஒண்ணு, சோதனையாளரின் தப்பு. கையக் காட்டாம பைக்குள்ள விட்டாங்க." அவள் இடது கையை என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். நான் அவள் தோளுக்குமேல் சுருளைக் காட்டினேன். "ரெண்டு. சோதனையாளர் பல்ல ஒடச்சதுக்கப்புறம் தற்காப்பு." பிறகு மெதுவாகத் தரையில் படுத்தாள். விலா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்ப நான் கீழ கெடக்கேன். ரெண்டு கையும் வெளிய இருக்கு. கத்தறேன். ம், அடி."

மூன்று. நான்கு. அவள் இடம் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். காகிதம்தான். ஆனால் படுத்துக் கிடக்கும் ஒருவரைக் குனிந்து அடிக்கும்போது கை தானாகவே வேகம் எடுக்கிறது. ஐந்தாவதில் காகிதம் 'படார்' என்று சத்தம் போட்டது. ஆறாவதை ஓங்கியபோது வாசற்படியில் நின்ற சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

சித்தி தரையிலிருந்தே சொன்னாள்: "மொத ரெண்டும் எனக்கு வரவேண்டியது. மிச்சம் நாலும் அவன் ஆசைக்கு அடிச்சது. அப்படியே எழுது."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. காப்பீட்டு நிறுவனத்தின் இரண்டாவது மாடி, நீள மேஜை. அந்த நீச்சல்குள அதிகாரி அதன் ஒரு முனையில் இருந்தார். முதலாளி தன் பங்குக்கு ஒரு அறிக்கை தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். சித்தியின் கைக்குப் பதில் என் கை தேவைப்பட்டதால் என்னையும் உள்ளே விட்டார்கள். சுவரோரம் ஒரு நாற்காலியில் காவலாளி. உதடு தடித்துக் கறுத்திருந்தது. சட்டை அன்றும் இஸ்திரி போட்டதுதான். ஆனால் தோளிலிருந்த பட்டையைப் பிய்த்து எடுத்திருந்தார்கள், நூல் தொங்கியது. அவரைப் பார்த்ததும் சித்தியின் நல்ல கை என் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்தது.

"இந்த ரிப்போர்ட்ட நான் எழுதல" என்று முதலாளியின் காகிதத்தைத் தள்ளிவிட்டுத் தன் அறிக்கையைப் படிக்கச் சொன்னாள். நான் படித்தேன். காவலாளி பொய்க் கடிதத்தைக் கண்டுபிடித்தார், சரியான எண்ணுக்குப் பேசினார், இந்தச் சோதனையில் தேறினார். இரண்டு கடிதம் கொண்டுபோகும் முறை உண்மைக் கடிதத்தைச் செல்லாததாக்குகிறது. முதல் அடிக்குச் சோதனையாளர் காரணம். இரண்டாவது காவலாளியின் தற்காப்பு. அதன்பின் விழுந்த நான்கு அடிகளுக்கு எந்த நியாயமும் இல்லை, அவற்றுக்காக அவர்மேல் வழக்குத் தொடரலாம்.

முதலாளி மேஜையில் அறைந்ததில் கண்ணாடி டம்ளர் உருண்டு தரையில் சிதறியது. "மேடம், என்னையும் மாட்டிவிட்டு அவனையும் மாட்டிவிட்டு உங்களுக்கு என்ன கெடைக்கப்போகுது? இன்னையோட நீங்க என் கம்பெனியில இல்ல!"

"தெரியும் சார்" என்றாள் சித்தி. "கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டுட்டுப் போயிடறேன்."

அதிகாரி சுவர்ப்பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

காவலாளி எழுந்து நின்றார். "அந்தம்மா எழுதினது தப்புங்க."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தியின் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது.

"நாலு இல்ல" என்றார் காவலாளி. பல் போன இடத்தில் காற்று புகுந்து வார்த்தை குழறியது. "அஞ்சு. கடைசி அடி அவங்களுக்குத் தெரியாது. அப்ப மயங்கிட்டாங்க."

சித்தி அவரையே பார்த்தாள். "எங்க?"

"இடுப்புல."

அவள் கை இடுப்புக்குப் போய்த் தொட்டுப் பார்த்தது. அது கீழே விழுந்ததில் பட்ட கன்றல் என்று அதுவரை நினைத்திருந்தாள். "மயங்கிக் கெடக்கறவள எதுக்குய்யா அடிச்ச?"

அவர் தன் கையைப் பார்த்தார். "தெரியலம்மா. கை நிக்கல."

சித்தி அவரைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "அஞ்சுன்னு மாத்து" என்றாள். "இடம், இடுப்பு. அப்ப எனக்கு நெனவில்ல, அவர் சொல்லித் தெரிஞ்சுதுன்னு போடு."

மாற்றினேன். அந்த அறை மூலையிலிருந்த பிரிண்டரில் கடைசிப் பக்கம் மறுபடி வந்தது. சித்தி இடது கையால் பேனாவைப் பிடித்தாள். பழக்கமில்லாத கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கோணிக்கொண்டு போனது. முடிக்க நேரம் ஆனது. முடிக்கும் வரை காவலாளி உட்காரவில்லை.